ஆறு சதவீதக் காற்று

ஏப்ரல் 2

ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நாள், நேரம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றை மட்டும்தான் எழுத முடியும். 'இன்று பேராசிரியர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்' என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதற்காகத்தான் இந்த டைரி. என் கணவர் வில்பிரட்டுக்குத் துறைமுக அலுவலகத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. மார்ச் வரை பால் கணக்குக்குக்கூட யாரும் இதைத் தொடவில்லை.

ஜெசிந்தா, வயது முப்பத்தேழு. முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடம். என்ன ஆராய்ச்சி என்று கேட்கும் உறவினர்களிடம், 'கட்டடங்களுக்கு நடுவே காற்று எப்படிப் போகிறது என்று அளக்கிறேன்' என்பேன். 'ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரியாதா?' என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். அதற்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி. ஒரு முனையில் பெரிய விசிறி. அதுதான் எங்கள் காற்றுச் சுரங்கம். அதன் தரையில் ஐந்து சென்டிமீட்டர் மரக்கட்டைகள் இருநூற்று நாற்பது. அதுதான் நகரம். கட்டைகளை இரண்டு விதமாக அடுக்கலாம். போலீஸ் அணிவகுப்பு மாதிரி நேர்வரிசை. அல்லது தியேட்டர் இருக்கைகள் மாதிரி, முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் தள்ளித் தள்ளி வைக்கும் மாற்றுவரிசை. மாற்றுவரிசையில், ஆட்கள் நடமாடும் உயரத்தில் முப்பத்தெட்டு சதவீதம் அதிகமாகக் காற்று வீசும் என்று இரண்டு வருடம் முன்பு நானும் பேராசிரியர் குலசேகரனும் ஒரு கட்டுரை வெளியிட்டோம். என் வாழ்நாள் புகழ் மொத்தமும் அந்த முப்பத்தெட்டில் இருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே செங்கழனியில், கால்வாய் ஓரத்துக் குடும்பங்களுக்காக பதினான்கு அடுக்குமாடிகள் வரப்போகின்றன. செய்தித்தாளில், 'ஆய்வின் அடிப்படையில் காற்றோட்டமான அமைப்பு' என்று போட்டிருந்தார்கள். அடியில் எங்கள் கட்டுரையின் பெயர். வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் படிப்பேன். நாங்கள் நிறையப் பால் குடிக்கிற குடும்பம்.

ஜூன் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் கல்லூரியில் நிரந்தர வேலை. பாக்கி ஒரே ஒரு வரைபடம்தான். பழைய அளவுகளை இன்னொரு முறை எடுத்து, 'பாருங்கள், மறுபடியும் அதேதான் வருகிறது' என்று காட்ட வேண்டும். பத்து நாள் வேலை.

ஏப்ரல் 9

தும்மினேன். அளக்கும் கம்பி அறுந்தது.

இது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதைச் சூடாக்கி வைத்திருப்போம். வீசுகிற காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறதோ, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவோம். ஆறு வருடத்தில் நான் அறுத்த கம்பிகள் பதினேழு. ஆய்வக உதவியாளர் ஜுலைகா அக்கா ஒவ்வொன்றுக்கும் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். இன்று பதினெட்டாவது கோடு போட்டுவிட்டு, "மூக்கைப் பொத்திக்கினு வேலை பாருங்க மேடம்" என்றார்.

ஏப்ரல் 17

நேர்வரிசை அளந்து முடித்தேன். பழைய அளவைவிட அதிகமாக வருகிறது. கம்பி புதிதல்லவா, அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 24

மாற்றுவரிசை, பழைய அளவு அப்படியே வருகிறது. கம்பியைக் குறை சொல்ல முடியாது போலிருக்கிறது. நேர்வரிசைக் கட்டைகள் ஈரத்தில் உப்பியிருக்கலாம். இரண்டு வரிசைக்கும் ஒரே கட்டைகளைத்தான் அடுக்கினோம் என்று ஜுலைகா அக்கா நினைவூட்டினார். தேவையில்லாத நினைவாற்றல்.

ஏப்ரல் 28

விசிறியின் பெல்ட்டை மாற்றினோம். பெட்டியின் இடுக்குகளை டேப் போட்டு ஒட்டினோம். கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தேன், இருநூற்று நாற்பதையும். எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இந்த ஆய்வகத்தில் ஒழுங்காக இல்லாத பொருள் எது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் ஆறு சதவீதம்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பத்து மணிக்கு ஏசி நின்றுவிட்டது. ஆய்வகம் இட்லிப் பானை மாதிரி ஆனது. நான் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தேன். காற்றை ஆராய்பவளுக்கு இது ஒரு அவமானம்தான்.

அப்போது ஜுலைகா அக்கா கணினித் திரையைக் காட்டினார்.

"மேடம், விசிறி அதே ஸ்பீடுதான். நம்பர் மட்டும் ஏன் கொறையுது? காத்தும் வெயில்ல சோந்து போச்சா?"

கால் பங்கு குறைந்திருந்தது. நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

கம்பி காற்றை அளப்பதில்லை. தான் எவ்வளவு குளிர்கிறோம் என்பதைத்தான் அளக்கிறது. காற்றே சூடாக இருந்தால் கம்பி அவ்வளவாகக் குளிராது. உடனே, 'இன்று காற்று குறைவு' என்று சொல்லிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன், தேர்விலும் கேட்டிருக்கிறேன். சரியாக எழுதாதவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தும் இருக்கிறேன்.

"ஏசி ஆளைக் கூப்பிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மே 5

ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன். செய்தித்தாள் துண்டில் மஞ்சள் கறை பட்டிருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மே 6

வஞ்சிரம் வாங்கினேன். நல்ல மீன்.

மே 8

தையற்காரரிடம் போனேன். வில்பிரட்டின் நான்கு பேன்ட்டுக்கும் பட்டன் சரிபார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆய்வக நோட்டு மேல் அலமாரியில் இருக்கிறது. ஏணி போட வேண்டும். நேரமில்லை.

மே 11

ஏணி தேவைப்படவில்லை. நாற்காலியில் ஏறினாலே எட்டியது.

மூன்று வருடத்துக்கு முந்தைய மே 21, என் கையெழுத்து: 'நேர்வரிசை, எல்லா அளவுகளும் முடிந்தன. ஏசி ரிப்பேர். தர்பூசணி.' அந்தத் தர்பூசணி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல சிவப்பு. ஜுலைகா அக்கா மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தார்.

மாற்றுவரிசையை ஜூன் 3இல் அளந்திருக்கிறேன். 'ஏசி சரியாகிவிட்டது' என்று மகிழ்ச்சியோடு எழுதி, பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருக்கிறேன்.

ஒன்றை வெயிலில் அளந்தேன், மற்றொன்றைக் குளிரில் அளந்தேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, முப்பத்தெட்டு சதவீதம் என்று உலகத்துக்கு அறிவித்தேன். அதில் முப்பத்திரண்டு தர்பூசணிக்குச் சேர வேண்டியது.

இதை இப்போதுதான் கண்டுபிடித்ததாக எழுதிவிட்டேன். இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் சொல்லிவிடலாம். மே 21ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், 'வெப்பநிலைத் திருத்தம் - பிறகு' என்று இருக்கிறது. அதுவும் என் கையெழுத்துதான்.

மே 13

வில்பிரட்டிடம் சொன்னேன். அவர் தேங்காய்ப்பால் சொதி கிண்டிக்கொண்டே கேட்டார். தூத்துக்குடிக்காரர், எந்தச் செய்தியைக் கேட்டாலும் கரண்டியை மட்டும் நிறுத்த மாட்டார்.

"அப்பம் சொல்லிர வேண்டியதுதான?"

"யாருகிட்ட?"

"ஆருட்ட தப்பாச் சொன்னியோ அவங்ககிட்டதான்."

"வேலை போயிரும்."

"கெடைக்கவே இல்லியே, எப்படிப் போவும்?"

சில நேரம் இந்த மனிதரோடு வாழ்வது கஷ்டம்.

மே 18

பேராசிரியர் குலசேகரனிடம் சொன்னேன். ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த கேடயம் அவர் மேசையில் இருக்கிறது. நான் பேசி முடிக்கும்வரை அதை லேசாக நகர்த்தி நகர்த்தி நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, 'எதிர்கால ஆய்வுகள்'னு கடைசி அத்தியாயத்துல ஒரு பத்தி போட்டுடலாமே. வெப்பநிலையின் விளைவு மேலும் ஆராயத்தக்கதுன்னு."

"சார், அது விளைவு இல்ல. தப்பு."

"எல்லா அளவுலயும் பிழை இருக்கும்மா."

"முப்பத்தெட்டுல முப்பத்திரண்டு பிழையா சார்?"

"ஜூன் முப்பது உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

எனக்கு வேறு எதுவுமே ஞாபகம் இல்லை என்றேன். "செங்கழனியில ஆயிரம் குடும்பம் வரப்போகுது சார். நம்ம கட்டுரையை நம்பித்தான் கட்டறாங்க." குரல் கொஞ்சம் உடைந்தது. சிறப்பாகப் பேசினேன் என்று அந்த நேரத்திலேயே தோன்றியது. அதுதான் என் பிரச்சினை.

கேடயம் இப்போது மிக நேராக இருந்தது.

மே 22

காலையில் ஆய்வகத்தைத் திறந்தால் உள்ளே பேராசிரியர். ஏசியை அணைத்துவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, கம்பியின் முன் உட்கார்ந்திருக்கிறார். ஜுலைகா அக்கா தெர்மாமீட்டரைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்ல, அவர் எழுதுகிறார். முப்பத்தாறு டிகிரியில் ஒரு வரிசை. பிறகு ஏசி போட்டு, இருபத்துநாலு டிகிரியில் அதே வரிசை. நான்கு மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் எழுந்து, பேனாவை மூடினார்.

"கட்டுரையில முதல் பேரு உன்னோடது. வாபஸ் கடிதத்துல முதல் கையெழுத்து என்னோடது. அளந்தது நீ, ஆனா சரிபாக்க வேண்டியது நான். வரைவு எழுதிட்டு வா."

போகும்போது கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினார். கம்பி அறுந்தது. ஜுலைகா அக்கா சுவரில் கோடு போடப் போய், "இது உங்க கணக்கா, அவர் கணக்கா?" என்று கேட்டார்.

மே 29

கடிதத்தை அனுப்பிவிட்டோம். பதினொரு வரைவுகள் எழுதினேன். முதல் வரைவில் 'வருந்துகிறோம்' ஆறு முறை வந்தது. பேராசிரியர் ஐந்தை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை; கேட்டதற்கெல்லாம் வாட்ஸப்பில் கட்டைவிரல் மட்டும்தான் வருகிறது.

ஜூன் 5

செங்கழனித் திட்டத்தின் கட்டடக் கலைஞர் நவநீதனைப் பார்க்கப் போனேன். வழி நெடுக ஷேர் ஆட்டோவில் ஒத்திகை பார்த்தேன். அவர் கோபப்படுவார். வேலையை நிறுத்துவார். வழக்கு போடுவார். ஏதாவது ஒரு கட்டத்தில் நான் தலைகுனிந்து, 'என் பிழைக்கு அந்தக் குடும்பங்கள் ஏன் மூச்சுத்திணற வேண்டும்?' என்று கேட்பேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன முணுமுணுக்கற?" என்று கேட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

நவநீதன் நாற்பது வயது ஆள். தலைக்கு மேல் வேலை. நான் சொல்லி முடித்ததும், தேநீரை என் பக்கம் தள்ளினார்.

"மேடம், உண்மையைச் சொல்லட்டுமா? பிளான் முதல்லயே முடிஞ்சிடுச்சு. அந்த மனை கோணல். நேரா வச்சா பதினோரு பிளாக்தான் வரும். தள்ளித் தள்ளி வச்சா பதினாலு வரும். அதான் அப்படி வச்சோம். அனுமதிக்கு ஃபைல் போனப்போ, காத்தோட்டம் பத்தி ஏதாச்சும் இணைங்கன்னாங்க. எங்க ஆபீஸ் பொண்ணு நெட்ல தேடுச்சு. உங்க கட்டுரை மாட்டிச்சு."

"நீங்க படிச்சீங்களா?"

"தலைப்பு படிச்சேன் மேடம்."

ஒரு மாதமாக ஆயிரம் குடும்பங்களின் மூச்சை என் தோளில் சுமந்துகொண்டிருந்தேன். பார்த்தால் நான் ஒரு இணைப்பு. பக்கம் 212. நிம்மதி சரியாக நான்கு விநாடி இருந்தது. அதற்குப் பிறகு வந்தது நிம்மதி இல்லை, அவமானம். என்னுடைய தப்பை மதித்து யாராவது ஏமாந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இவ்வளவு கேவலமான எண்ணத்தை நான் இதற்கு முன் எழுதியதில்லை.

எழுந்துவிட்டேன். அப்போது அவர் கேட்டார்:

"சரி, அப்போ நம்ம பிளாக்குங்களுக்கு நடுவுல நெசமாவே காத்து வருமா, வராதா?"

இரண்டு வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும்தான். என் மரக்கட்டைகளெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. செங்கழனி அப்படி இல்லை.

"தெரியாது சார்" என்றேன். "வரைபடம் கொடுங்க, அளந்து சொல்றேன்."

"அஸ்திவாரம் ஆகஸ்ட்ல. அதுக்குள்ள முடியுமா?"

ஆய்வேட்டையும் இதையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். "முடியும்" என்றேன்.

ஜூன் 14

ஜுலைகா அக்கா தச்சுப் பட்டறையில் நின்று பதினான்கு பிளாக்குகளை அறுத்து வாங்கி வந்தார். சுற்றி இருக்கும் வீடுகள், பள்ளிக்கூடம், கிடங்கு எல்லாம் சின்னக் கட்டைகளாக. சுரங்கத்துக்குள் மூன்று தெர்மாமீட்டர்கள் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று போதும். எனக்கு மூன்று வேண்டும்.

ஜூன் 23

தென்கிழக்குக் கடற்காற்றுக்குத் திருப்பி வைத்து அளந்தேன். முன்னால் நிற்கும் இரண்டாவது, மூன்றாவது பிளாக்குகள் காற்றை அப்படியே தடுத்து மேலே தூக்கிவிடுகின்றன. பின்னால் இருக்கும் நான்கு பிளாக்குகளுக்கு நடுவே, இரண்டாம் மாடிவரை காற்று ஏறக்குறைய அசையவே இல்லை. கண்ணால் பார்க்க ஊதுபத்தி ஏற்றி வைத்தோம். புகை அங்கேயே சோம்பேறித்தனமாகச் சுற்றியது.

ஜுலைகா அக்கா சுரங்கத்தின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "எங்க அக்கா வீடு இப்படித்தான் மேடம். கருவாடு வறுத்தா மூணு நாளைக்குப் போகாது. பசங்களுக்கு எப்பவும் இருமல்." சற்று நேரம் கழித்து, "முன்னாடி பிளாக்குக்கு அடியில ஓட்டை போட்டா?" என்றார்.

நான் ஆறு வருடமாகப் படிக்கிறேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்.

ஜூன் 27

இரண்டு பிளாக்குகளின் தரைத்தளத்தையும் தூண்களோடு திறந்தவெளியாக வைத்து அளந்தேன். பின்சந்துகளில் காற்று இரண்டரை மடங்கு. நம்பாமல் மறுபடி அளந்தேன். ஏசியோடு, ஏசி இல்லாமல், காலையில், மதியத்தில், திருத்தம் போட்டு. இரண்டரைதான். பேராசிரியருக்கு வரைபடம் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. பத்து நிமிடம் கழித்து, 'வெப்பநிலை?' என்று ஒரு சொல். இணைத்தேன். இன்னொரு கட்டைவிரல்.

ஜூன் 30

ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. வில்பிரட் மாலையில் பரோட்டா வாங்கி வந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்புறம் அழுதேன். கண்ணீர் சால்னாவில் விழக்கூடாது என்று அவர் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தார்.

ஜூலை 19

அதிகாரிகள் கூட்டம். நவநீதன் என்னையும் அழைத்துப் போனார். ஒரு பிளாக்கின் தரைத்தளத்தைத் திறந்தால் எட்டு வீடுகள் போகும். அவற்றை வேறு எங்கே வைப்பது என்பதுதான் இரண்டு மணி நேரமும் பேச்சு. ஒரு அதிகாரி என் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார். "இதுல காத்து நல்லா வரும்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?"

"அது தப்பு சார். நான்தான் தப்பா அளந்தேன். ஏசி ரிப்பேரா இருந்துச்சு."

இதைவிட மரியாதையாகச் சொல்ல எவ்வளவோ வழிகள் இருந்திருக்கும். நவநீதன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்.

முடிவு: மூன்றாவது பிளாக்கின் தரைத்தளம் மட்டும் திறக்கப்படும். அந்த எட்டு வீடுகள் கடைசி பிளாக்கின் மேல் ஒரு மாடியாகப் போகும். இரண்டாவது பிளாக்குக்கு அனுமதி இல்லை. பாதி வெற்றி. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

ஆகஸ்ட் 2

கட்டுரை வாபஸ் அறிவிப்பு வெளியானது. முதல் வாரத்தில் இருநூற்றுப் பத்துப் பேர் படித்திருக்கிறார்கள். மூலக் கட்டுரையை இரண்டு வருடத்தில் முப்பத்தொரு பேர் படித்திருந்தார்கள். அதில் எட்டு நான்.

ஆகஸ்ட் 31

பேராசிரியரின் பிரிவு உபசார விழா. நிரந்தர வேலைக்குத் தேர்வானவர் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பையன், நான் பாடம் எடுத்தவன். பேராசிரியர் ஏற்புரையில் கேடயங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "முப்பத்தி நாலு வருஷத்துல நான் ஒரு கட்டுரையைத் திரும்ப வாங்கியிருக்கேன். அதுக்குக் காரணமான பொண்ணு பின்வரிசையில ஒளிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் முழுதாக ஒரு ஜாங்கிரி வைத்திருந்தேன்.

(இரண்டு வருடம் கழித்து) மே 16

பழைய டைரியில் காலிப் பக்கங்கள் இருந்தன. வீணாக்க வேண்டாமே என்று எழுதுகிறேன்.

போன வருடம் பட்டம் கிடைத்தது. இன்னும் தற்காலிக விரிவுரையாளர்தான். செங்கழனியில் ஆட்கள் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்றுக் கையடக்கக் காற்றுமானியும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு போனேன். மதியம் இரண்டு மணி, நல்ல கடற்காற்று.

முதலில் இரண்டாவது பிளாக்கின் பின்பக்கச் சந்து. காற்றுமானியின் இறக்கைகள் சுழலவே இல்லை. ஒரு பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "என்னம்மா அளக்கற?" என்று கேட்டார். காற்று என்றேன். "எங்க?" என்று சுற்றிப் பார்த்தார். அந்த அதிகாரிகள் கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்து மூன்றாவது பிளாக். தூண்களுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். எல்லாத் துணியும் ஒரே பக்கம் பறந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தையல் இயந்திரத்தைக் கீழேயே கொண்டுவந்து போட்டு, புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை தூணோரம் வாயைத் திறந்தபடி தூங்கியது.

நுழைவில், சரியாக நடுவில் நின்று, காற்றுமானியை நீட்டினேன். விநாடிக்கு இரண்டு மீட்டர். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். குறித்துக்கொண்டேன். மறுபடி அளந்தேன். இரண்டேகால். இன்னொரு முறை. யாராவது கேட்டால், இதைச் செய்தது நான்தான் என்று சொல்ல ஒரு வாக்கியத்தை அடக்கமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

தையல் இயந்திரம் நின்றது.

"யம்மா, ஃபோட்டோ புடிக்கறவங்களே!" என்றார் அந்தப் பெண். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. வர்ற காத்தை முழுக்க நீயே மறைக்கிற."

தள்ளி நின்றேன்.